குட்டியானைத் திணறல்: ஒரு சிறுநூல்

முதலில் அவையடக்கம். 2005இல் விற்பனைக்கு வந்து, தமிழ்நாட்டில் குட்டியானை என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் வண்டிக்கு இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். இதை வைத்துக்கொண்டு அது கல்யாண வீட்டுப் பாத்திரம், வாழைத்தார், எம்-சாண்ட், கட்சிக் கூட்டம் எல்லாவற்றையும் சுமந்திருக்கிறது. அப்படி ஓடித் தேய்ந்து, இப்போது மேடு கண்டால் முனகும் பழைய டீசல் வண்டியே இந்நூலின் பொருள். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிக்காரர்கள் ஸ்கேனர் மாட்டும் இடத்துக்குப் போகலாம். அவர்களுக்கு இங்கே இயல் ஒதுக்கப்படவில்லை.

திணறல் மூவகைப்படும் என்ப: இழுக்காமை, மிஸ் அடித்தல், நின்று போதல். ‘பிக்கப் இல்லை’ என்பதை நான்காவதாகச் சேர்ப்பாரும் உளர். அது இழுக்காமையுள் அடங்கும் என்று மறுக்க.

நோயறிதல் வாய்ச்சான்றில் தொடங்கும்.

“சத்தம் எப்பிடி வருது தம்பி?”

“கட கட கட... டொக். அப்பறம் கட கட டொக்குண்ணே.”

“ஏத்தத்துலயா, சமமாப் போறப்பவா?”

“ஏத்தத்துல கட கட. எறக்கத்துல டொக்.”

மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னொரு தடவை பண்ணு” என்பார். இன்ஜின் மூன்றடி தூரத்தில், சீட்டுக்கு அடியில், ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதைக் கேட்பார் இல்லை. இம்முறையின் தொன்மையில் ஐயமில்லை, பயனில் உண்டு.

இனிப் பிறர் மதம். டீக்கடைப் பள்ளியினர், குணம் எதுவாயினும் ‘இன்ஜினை எறக்கணும்’ என்ற ஒரே முடிபு உடையர். அவர்களுக்குச் சான்று மச்சான் வண்டி. முதலாளிப் பள்ளியினர் எல்லா நோயும் நேற்று இரவுதான் வந்தது என்பர்: “நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு?” மூன்றாமவர் எலுமிச்சம்பழத்தார். இவர்களை மறுக்க இந்நூல் முயலவில்லை. எலுமிச்சம்பழத்தால் எந்த வண்டியும் கரும்புகை தள்ளியதாகத் தெரியவில்லை.

நம் கோள் வேறு. மலிவானதை முதலில் பார்க்க, விலை கூடியதைக் கடைசியில் பார்க்க. அஃது எற்றுக்கெனின், ருடால்ஃப் டீசல் 1892இல் காப்புரிமை கேட்டு, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜினுக்கு வேண்டியவை கொஞ்சமே. காற்றை நெருக்கிச் சூடாக்க வேண்டும். அதற்குள் எண்ணெயைப் பொடியாகத் தூவ வேண்டும். எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். பொறி கொடுக்க பிளக் கிடையாது. ஆகவே, “பிளக்கைக் கழற்றித் துடைச்சியா?” என்று கேட்பவர் பைக்குக்காரர் என்று அறிக. ஹீட்டர் பிளக் என்று ஒன்று உண்டு. அது காலையில் சிலிண்டரை வெதுவெதுப்பாக்கும் வேலையோடு ஒதுங்கிவிடும். மார்கழியில் ஊட்டிக்காரர்கள் அதன் அருமை அறிவர்.

காற்று பற்றி நீட்ட வேண்டாம். செங்கல் சூளைக்கு ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினால் ஒரு கைப்பிடி செம்மண் விழும். அந்த மண்ணுக்குள் புகுந்துதான் இன்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஃபில்டரையே தூக்கிப் போட்டுவிட்டு “இப்ப எப்பிடி பறக்குது பாரு” என்று மகிழ்வாரும் உளர். பறக்கும். மண் நேரே சிலிண்டருக்குப் போய் ரிங்கை அரைத்து முடிக்கும்வரை பறக்கும்.

எண்ணெய் வழிதான் இந்நூலின் கடினமான பகுதி. நன்றாக ஸ்டார்ட் ஆகி, சிறிது தூரம் ஓடி, பிறகு விக்கி விக்கி நின்றுபோகும் வண்டியில் பெரும்பாலும் ஏர் எடுக்கிறது. மாணவர் இங்கே ஒரு தடை எழுப்புவர்: “பைப்பில் ஓட்டை இருந்தால் டீசல் சொட்ட வேண்டுமே? தரை காய்ந்து கிடக்கிறதே?” நல்ல தடை. விடை: டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அந்தப் பாதையில் உள்ள வெடிப்பு டீசலை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆதலால் டீசலில் நனைந்த பைப்பை விட்டுவிட்டுக் காய்ந்து வெடித்த ரப்பர் ஹோஸையும், பல முறை முறுக்கிச் சலித்த கிளிப்பையும் ஐயுறுக. அங்கே ஒரு முழம் கண்ணாடி டியூபை இடைச்செருகலாக மாட்டி இன்ஜினை ஓடவிட்டால், டீசலோடு குமிழிகள் வரிசையாகப் போவதைக் கண்ணால் காணலாம். குமிழி போனால் ஹோஸை மாற்றி, ஃபில்டரின் ஏர் ஸ்குரூவை இளக்கி, கையால் பம்ப் அடித்து, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை விட வேண்டும். ஹோஸின் விலை சொற்பம். டீக்கடைப் பள்ளி இதற்குத்தான் இன்ஜினை இறக்கச் சொன்னது.

டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். அடித்திருகைத் திறந்து வடித்துவிடுக. நீலச் சாயமிட்ட ரேஷன் மண்ணெண்ணெயை டீசலில் கலந்து சிக்கனம் பிடித்தவர்களுக்கு ஒரு குறிப்பு: டீசல்தான் பம்புக்கு வழுவழுப்பும் தருகிறது. மண்ணெண்ணெயில் அது குறைவு. மிச்சம் பிடித்த காசு பம்ப் நாசில் கடைக்காரருக்குப் போய்ச் சேரும்.

மிஸ் அடித்தலில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறியப் பழைய மெக்கானிக்குகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓடும் இன்ஜினில் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைச் சற்று இளக்குவர். சத்தம் சோர்ந்தால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. எந்த மாறுதலும் இல்லையென்றால் அதுதான் சும்மா இருந்து சம்பளம் வாங்கியது. இருப்பதே இரண்டு ஆதலால் விசாரணை சீக்கிரம் முடியும். இதைப் பார்த்துக் கற்கலாம், தானே செய்து பார்க்கலாகாது. அந்தப் பைப்பில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்திய அளவே காயம் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

இனிப் புகை. கருப்பு எனில் காற்று குறைவு அல்லது எண்ணெய் மிகுதி. நீலம் எனில் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து மறைந்தால் வால்வு சீலை முதலில் பார்க்க. மேட்டில் விடாமல் வந்தால் ரிங். வெள்ளை எனில் எரியாத டீசல், அல்லது ஹெட் கேஸ்கட் போய்ச் சிலிண்டருக்குள் தண்ணீர். கூலன்ட் எரிந்தால் புகை தித்திப்பாக மணக்கும் என்று நூல்கள் கூறும். நம் ரேடியேட்டர்களில் இருப்பது போர்வெல் தண்ணீர். அது மணக்காது.

கரும்புகையில் உள்வகை ஒன்று உண்டு. இழுவை கூடட்டும் என்று பம்பின் ஸ்குரூவைத் திருகி எண்ணெயைக் கூட்டிவிடுவது. பழைய டீசல் வண்டியின் புகை 65 ஹார்ட்ரிஜ் அளவைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆகவே எஃப்.சி.க்குப் போகும் அன்று ஸ்குரூ பழைய இடத்துக்குப் போகும், புகை அடங்கும்; மறுநாள் ஸ்குரூ மீண்டும் திருகப்படும், புகை திரும்பும். இம்முறைக்காய்ச்சலுக்குக் காரணம் கிருமி அன்று என்பது துணிபு.

இவ்வளவும் பார்த்த பிறகே ரிங்கைச் சந்தேகிக்கலாம். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேலேயே தலைகீழாக வைக்க. லேசாக ஆடினால் வயது. துள்ளிக் கீழே விழுந்தால் டீக்கடைப் பள்ளி இம்முறை சரி.

புறனடை: மேற்சொன்ன எதுவும் இல்லாமலும் ஒரு குட்டியானை இழுக்காமல் இருக்கலாம். ஃபில்டர் புதிது, குமிழி இல்லை, மூடி ஆடவில்லை; ஆனாலும் பாலம் ஏற மறுக்கிறது. அப்படிப்பட்ட வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவருமுன் எடைமேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வருக. கம்பெனி அனுமதித்த சுமை ஏறத்தாழ முக்கால் டன். சீட்டில் வண்டியின் சொந்த எடையைக் கழித்த பிறகும் அதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை. சரக்கைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.