"இங்க நல்ல ஓட்டல் எதுங்க?"

எங்கள் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் வாடகைக்கு வீடு கேட்பார்கள். அடுத்து, "இங்க நல்ல ஓட்டல் எதுங்க?" என்பார்கள். வீட்டு விஷயத்தில் உடனே கையை விரித்துவிடுவேன். ஓட்டல் என்றதும் மட்டும் எங்கிருந்தோ ஒரு அதிகாரம் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். பிறந்தது திருப்பாச்சூர், படித்தது திருவள்ளூர், வேலை காக்களூர் தொழிற்பேட்டை. இத்தனையும் இருந்து "தெரியாது" என்றால் ஊருக்கே கேவலம் என்று ஒரு நினைப்பு. ஆனால் எனக்குக் காலையில் வீட்டு இட்லி, மதியம் டிபன் பாக்ஸ், ராத்திரி மறுபடியும் வீடு. சொந்த ஊர் ஓட்டலில் சாப்பிட யாருக்கும் அவசியம் வருவதில்லை. அப்படிப்பட்டவனிடம்தான் வெளியூர்க்காரர்கள் பேனாவும் பேப்பருமாக வந்து நிற்கிறார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒரு மதுரைப் பையன். சாப்பாட்டு விஷயத்தில் மதுரைக்காரர்களிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்ற விவரம் அப்போது எனக்கு இல்லை. "ஆயில் மில் ஸ்டாப்புல இறங்கு தம்பி, எதிர்ல சின்ன சந்து, உள்ள போனா மெஸ் ஒண்ணு, மீன் குழம்பு பிரமாதமா இருக்கும்" என்று அனுப்பிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அண்ணே, இங்க செல்போன் கடைதான் இருக்கு."

"மாடியில பாரு."

"மாடியில தையல் கிளாஸ்ணே."

அதற்குள் பக்கத்துக் கடைக்காரர் அவன் போனை வாங்கி, மெஸ் மூடி ரொம்ப வருஷமாகிறது என்று எனக்கே தகவல் சொன்னார். "அப்படியா? போன மாசம்கூட சாப்பிட்டேனே" என்றேன். அந்த மெஸ்ஸில் நான் கடைசியாகச் சாப்பிட்டது கல்யாணத்துக்கு முன்னால். என் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

திருப்பாச்சூரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். மூங்கில் காட்டில் சுயம்புவாகத் தோன்றிய வாசீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஊரை ஒட்டிச் சென்னை - திருப்பதி சாலை போகிறது. கார்க்காரர்கள் எல்லோருக்கும் அவசரம். போகும்போது பெருமாளைப் பார்க்கிற அவசரம், வரும்போது வீடு சேர்கிற அவசரம். லட்டுப் பையோடு சிலர் காரை நிறுத்தி, நல்ல ஓட்டல் எது என்று என்னைக் கேட்டதுண்டு. நான் பெரிய கார் நிறுத்தம் உள்ள ஓட்டலாகப் பார்த்துக் கையைக் காட்டிவிடுவேன். சாம்பார் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்பது மட்டும் தெரியும். குடும்பத்தோடு பயணம் போகிறவர்கள் ஓட்டலை எதைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டால், பாதிச் சாப்பாட்டு எழுத்தாளர்களுக்குப் பிழைப்பு போய்விடும்.

திருவள்ளூர் வீரராகவர் கோயிலின் கதையே விருந்தைப் பற்றியதுதான். சாலிஹோத்திரர் என்று ஒரு முனிவர். ஒரு வருஷம் பட்டினித் தவம் இருந்து, அரிசி மாவைப் பக்குவம் செய்து, விருந்தாளி யாராவது வந்தால் கொடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று காத்திருந்தார். கிழவர் ஒருவர் வந்தார். தன் பங்கைச் சாப்பிட்டார். பசி அடங்கவில்லை என்று முனிவரின் பங்கையும் சாப்பிட்டார். முனிவர் சளைக்காமல் இன்னொரு வருஷம் பட்டினி கிடந்தார். மறுபடியும் அதே கிழவர், அதே பசி. சாப்பிட்டு முடித்ததும் "எங்கே படுக்கலாம்?" என்று கேட்டார். முனிவர் தன் குடிசையைக் காட்ட, அங்கே பெருமாளாகப் படுத்தவர் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. சின்ன வயதில் இதைக் கேட்டு எனக்குப் பக்தி வந்தது. கல்யாணமாகி, மைத்துனர் லீவுக்கு வந்து தங்க ஆரம்பித்த பிறகு முனிவர்மேல்தான் அனுதாபம்.

அந்தக் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி உடம்பில் உள்ள மருவும் கட்டியும் கரையும் என்று நம்பிக்கை. உப்பும் மிளகும் போடுவதும் உண்டு. எனக்கு முழங்கையில் மரு வந்தபோது பாட்டி ஒரு அச்சு வெல்லம் கையில் கொடுத்து அனுப்பினார். குளத்தங்கரை போய்ச் சேருவதற்குள் முக்கால் வெல்லம் கரைந்துவிட்டது, என் வாயில். மிச்சத்தைப் பயபக்தியோடு தண்ணீரில் விட்டேன். மரு இன்னும் இருக்கிறது. திருவள்ளூரில் நான் வாங்கிச் சாப்பிட்டதில் மிகச் சிறந்தது எது என்று யாராவது சத்தியம் வாங்கிக் கேட்டால் அந்த வெல்லத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். மதுரைப் பையனிடம் அதைச் சொல்ல முடியுமா? அதனால் தேரடிப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையைச் சொன்னேன். சொன்ன நாள் தை அமாவாசை. தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவே பிரியாணிக் கடை எங்கே என்று அவன் ஒரு பெரியவரை விசாரித்திருக்கிறான். பெரியவர் சொன்ன பதிலை என்னிடம் சொல்ல மறுத்துவிட்டான்.



எங்கள் பக்கத்துச் சாப்பாடு பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடி ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றுகிறார்களே, அதற்கு ஈடாக இந்த ஜில்லாவில் எந்த ஓட்டலிலும் ஒன்றுமில்லை. முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவிடுவார்கள். மறுநாள் பெரிய அண்டாவில் அரிசி நொய்யை வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றி, துடுப்பால் கிண்டுவார்கள். கிண்டுகிறவர் கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும், கட்டி தட்டும். அதனால் ஆள் மாற்றி ஆள் நிற்பார்கள். ஆறினதும் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து, வீட்டிலிருந்து கொண்டுபோன தூக்கில் ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ளக் காராமணி போட்ட முருங்கைக்கீரை. வீட்டுக்கு வந்தால் கருவாட்டுக் குழம்பு. வெயிலில் நின்று வந்த உடம்புக்கு அந்தப் புளிப்பு இறங்குகிற சுகமே தனி.

அதற்கு நான் செய்த துரோகத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாட்களில் தூக்கோடு வரிசையில் நிற்க வெட்கம். கூட்டாளிகள் பார்த்தால் கூழ் குடிக்கிறவன் என்பார்களாம். அவர்களும் அதே வரிசையில் பின்னால் நின்றார்கள் என்பது தெரியாமல் தம்பியை அனுப்பிவிட்டு வீட்டில் குடித்தேன். பிறகு காலம் மாறியது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த வருஷம் சென்னையில் ஏ.சி. போட்ட ஒரு கடையில் கண்ணாடி டம்ளர் கூழுக்குக் காசு கொடுத்தேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள், என் மனைவியும் இந்தப் பத்தியைப் படிப்பாள். மேலே ஒரு புதினா இலை வைத்திருந்தார்கள். அதை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். படம் எடுத்து மதுரைப் பையனுக்கு அனுப்பி, "எங்க ஊர் பாரம்பரியம்" என்று வேறு எழுதினேன். "இது உங்க ஊர்ல எங்கண்ணே கிடைக்கும்?" என்று பதில் வந்தது. ஆடி முடிந்து புரட்டாசி பிறந்திருந்தது.

வறுத்த மீன் வேண்டுமா, பூண்டிக்குப் போ என்று 2019 கோடையில் இன்னொரு குடும்பத்தை அனுப்பினேன். தீரர் சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது முயன்று, 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் அது. சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு உலகச் செய்தியான கோடை அது என்பது, ராத்திரி முழுக்கக் குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்ற எனக்கு நினைவுக்கு வரவில்லை. கட்லாவும் ஜிலேபியும் தேடிப் போனவர்கள் பாளம் பாளமாக வெடித்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த அதே பக்கம் உள்ள அதிரம்பாக்கத்தைப் பற்றி எடுத்துவிட்டேன். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ல் அங்கே கற்கோடாரிகளைக் கண்டெடுத்தார். சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள பழைய கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது சொல்கிறது. "அவ்வளவு காலமா இங்க ஆளுங்க இறைச்சி அறுத்துச் சாப்பிட்டிருப்பாங்க" என்று பெருமையாகச் சொன்னேன். "அவங்களாவது எங்க சாப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார்.

பழவேற்காட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. மே மாதம் நண்டு சாப்பிடப் போகலாமா என்று மதுரைப் பையன் கேட்டான். மூடிய மெஸ், அமாவாசை, வறண்ட ஏரி என்று அடி வாங்கியிருந்ததால் இந்த முறை விவரமாகப் பேசினேன். "ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், மீன்பிடித் தடைக்காலம் தம்பி. போய் ஏமாறாதே." ஆனால் தடை விசைப்படகுகளுக்குத்தான். பழவேற்காட்டு ஏரியில் சின்னப் படகில் வலை போடுகிறவர்களுக்கு அது கிடையாது. அங்கே எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடும் என்பதைப் 'பாடு' என்ற முறைப்படி மீனவர்களே பிரித்துக்கொள்கிறார்கள். பையன் என் பேச்சைக் கேட்கவில்லை. நண்டும் இறாலுமாகச் சாப்பிட்டுவிட்டு, டச்சுக்காரர் கல்லறைக்கு முன்னால் நின்று ஏப்பத்தோடு படம் அனுப்பினான். என் பேச்சை நம்பி அந்த மே மாதம் முழுக்க வீட்டில் பருப்புக் குழம்பு சாப்பிட்டவன் நான் ஒருத்தன்தான்.

திருத்தணிப் பக்கம் மட்டும் நான் சொன்னது ஓரளவு பலித்தது. ம.பொ.சி. முதலானோர் போராடி, 1960 ஏப்ரல் 1 முதல் அந்தத் தாலுகா ஆந்திராவிலிருந்து நம்மிடம் வந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, அந்தப் பக்கத்துச் சமையலில் காரம் குறையவில்லை. சாப்பாட்டில் முதல் உருண்டை பருப்புப் பொடியும் நெய்யும்தான். சாம்பாருக்கு முன்னால் அதற்கே வயிறு பாதி நிரம்பிவிடும். "இதுதான் எங்க ஊர்ச் சாப்பாடு" என்று ஒரு விருந்தினரிடம் பெருமை பேசிக்கொண்டே பொடியை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அடுத்த நிமிஷம் விக்கல், இருமல், கண்ணில் நீர். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த விருந்தினர் நிதானமாகச் சாப்பிட்டபடி என் தலையைத் தட்டிவிட்டார்.

மதுரைப் பையனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு மாற்றல் வந்தது. ஒரே மாவட்டம் என்று பெயர்தான். ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜ் வரை போய்த் திரும்ப வேண்டும், பஸ்ஸில் போனால் பெரியபாளையம் சுற்றிப் போக வேண்டும். "ஒருநாள் வாங்கண்ணே, நான் சாப்பாடு வாங்கித் தர்றேன்" என்றான். அவன் சொன்னதில் என்னைத் திருத்துகிற தொனி இருந்தது, இருந்தாலும் போனேன்.

இரும்பு உருக்கும் ஆலைகளில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகத் தள்ளுவண்டிகள் நின்றன. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். பரோட்டாக் கடையிலேயே சப்பாத்தியும் ஆலுவும். பையன் ஒரு வண்டிக்கு முன்னால் நிறுத்தினான். கரி நெருப்பில் சுட்ட கோதுமை உருண்டையை உடைத்தால் உள்ளே வறுத்த கடலை மாவு, லிட்டி என்றான். பிறகு ஒரு டம்ளர் கொடுத்தார்கள். வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை, உப்பு. சத்து என்று அதற்குப் பெயராம். ஒரு வாய் குடித்தேன். எங்கள் ஊர்க் கூழ் நினைவுக்கு வந்தது. மாவுதான் வேறே தவிர, வெயிலும் அதே, வெங்காயமும் அதே.

அங்கேயாவது நான் பேசாமல் குடித்திருக்க வேண்டும். "இதுக்குக் கருவாடு வெச்சா நல்லா இருக்கும்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில், அதாவது கையால், மீனைக் காயவைக்கிற மாதிரி நடித்துக் காட்டினேன். கடைக்காரர் கழுத்தில் துளசி மாலை போட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. பையன் ஏதோ இந்தியில் சொல்லி அவரைச் சிரிக்கவைத்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு நகர்ந்தான். அவனுக்கு எப்போது இந்தி வந்தது என்று கேட்டேன். "சாப்பிடப் போன இடத்துல வந்துச்சுண்ணே." அன்று ராத்திரி அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் அவன் சிநேகிதன் வீட்டில் இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். அதை மட்டும் எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாது. அது கடையல்ல, வீடு.

இப்போது காக்களூருக்குப் புதிதாக வருகிறவர்கள் ஓட்டல் கேட்டால் அவன் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன். "அவரு இந்த ஊர்க்காரருங்களா சார்?" என்று சந்தேகத்தோடு கேட்கிறார்கள்.

"ஆமா, ஆமா, பரம்பரையா இங்கதான்" என்று சொல்லிவைக்கிறேன்.