பொறுப்பாளி கிடைத்துவிட்டார்

அனுப்புநர்:
தாமல் ஏரிக்கரைவாசி ஒருவன்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
ஒன்றியக் கல்வி அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: பிள்ளைகளின் கற்றல் இடைவெளிக்குப் பொறுப்பானவரைக் கண்டுபிடித்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: 1. கல்வி உரிமைச் சட்டம், 2009. 2. அதன் 2019 திருத்தம். 3. தங்களது 16.12.2024 நாளிட்ட விதிகள். 4. உத்திரமேரூர்க் கல்வெட்டு, கி.பி. 919, 921.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வை 3 கண்டேன். ஐந்திலும் எட்டிலும் ஆண்டுத் தேர்வு. தவறினால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தவறினால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கும் படிப்பில் இத்தனை தூரம் ஏன் என்று நாங்கள் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தோம். பொறுப்பாளி பத்து வயதில், மூக்கைச் சிந்தியபடி, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இப்போதைக்கு இது கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற தங்கள் பள்ளிகளுக்குத்தான். எட்டு வரை யாரையும் நிறுத்தமாட்டோம் என்று தமிழ்நாடு சொல்லிவிட்டது. அதற்காக எங்களை ரொம்ப நல்லவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2019 செப்டம்பரில் இதே ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று இங்கேயும் அரசாணை போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரி 4-ல் வாபஸ் வாங்கினார்கள். ஆசை யாரை விட்டது?

பார்வை 1-ஐயும் உட்கார்ந்து படித்தேன். 24-ஆம் பிரிவு ஆசிரியரைப் பற்றியது. நேரத்துக்கு வரவேண்டும், பாடத்தை உரிய காலத்தில் முடிக்கவேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தரவேண்டும். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. நியாயம்தான். அதே சட்டத்தின் அட்டவணையில், தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் இருந்தால் போதும். வகுப்போ ஐந்து. ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிப்போட்டுவிட்டு மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லித்தரும் டீச்சர், இடையில் எந்த நேரத்தில் அறுபது திறன்களைக் கணிப்பது? 27-ஆம் பிரிவு அவருக்கு வேறு வேலை தரக்கூடாது என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மட்டும் விலக்கு. மிச்சம் என்ன வேலை இருக்கிறது என்று யோசிக்கிறேன்.

26-ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம். ஆசிரியர் காலியிடம் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால்? முன்னும் பின்னும் புரட்டினேன். நன்கொடை கேட்டால் அபராதம் உண்டு. அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. பிள்ளையை அடித்தால் நடவடிக்கை உண்டு. வாத்தியாரைப் போடாத அரசுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

எங்கள் ஊர் ஏரி பெரியது. கடைமடையில் பயிர் வாடினால் மதகுப் பக்கம் போய்த்தான் பார்ப்போம். பயிருக்கு நோட்டீஸ் கொடுக்கும் யோசனை இந்தக் கரையில் யாருக்கும் வந்ததில்லை.

அமெரிக்காவில் வந்தது. 2002 ஜனவரியில் அதிபர் புஷ் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும், நூற்றுக்கு நூறு பேரும், வாசிப்பிலும் கணக்கிலும் தேறவேண்டும், இல்லாவிட்டால் பள்ளி மேல் நடவடிக்கை. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கறுப்பினப் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள் என்று மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டச் சொன்னதால், மொத்தச் சராசரிக்குள் பதுங்கியிருந்த இடைவெளி வெளியே வந்தது. அது உபகாரம். ஆனால் அளவுகோலைப் பிரம்பாகவும் பயன்படுத்தினார்களே! அட்லாண்டாவில் ஆசிரியர்கள் விடைத்தாள்களைத் தாங்களே அழித்துத் திருத்தினார்கள். 2011 விசாரணையில் 44 பள்ளிகள், 178 பேர் சிக்கினார்கள். இடைவெளியை ரப்பர் வைத்தே அழித்த சாதனை அது. நூற்றுக்கு நூறு வரவில்லை. 2015 டிசம்பரில் சட்டத்தையே மாற்றினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? பார்வை 4 எங்கள் மாவட்டத்துச் சரக்கு. பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூர்ச் சபை குடவோலைத் தேர்தலுக்கு விதி எழுதிக் கோயில் சுவரில் வெட்டிவைத்தது. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? மகன், மருமகன், மாமனார், மாமன், சின்னம்மா பிள்ளை, அத்தை பிள்ளை என்று உறவு முறையே சொல்லித் தள்ளிவைத்தார்கள். (கால் வேலிக்கு மேல் நிலமும் வேதப் படிப்பும் கேட்ட அந்தச் சபையில் என் பாட்டன் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது, கற்றல் இடைவெளி அன்றைக்கே சட்டபூர்வம்.) ஆனாலும் பொறுப்பு யார் தலையில் விழுந்தது பாருங்கள். பணத்தைக் கையாண்டவர் தலையில். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இந்தக் கல்வெட்டைப் புகழ்ந்தார். ஆகவே புதிதாக எதையும் கேட்கவில்லை.

என் விண்ணப்பம் இதுதான். தங்களது பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய, பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தீர்கள். அந்தப் பணத்துக்கும், 26-ஆம் பிரிவின் காலியிடங்களுக்கும், பொறுப்பானவர் யார் என்று தில்லியிலும் சென்னையிலும் பெயர்ப்பட்டியல் தயாரித்து, ஆண்டுத் தேர்வு வைக்கவும். தவறினால் இரண்டு மாதத்தில் மறுதேர்வு. அதிலும் தவறினால் அதே பதவியில் இன்னொரு வருடம் என்று சொல்லிவிடாதீர்கள். அது உங்களுக்குத் தண்டனை ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைவாசி.

நகல்: மறுதேர்விலும் தவறிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு. விளக்கம் கேட்டு அல்ல, தகவலுக்காக.