அட்டைக்கு ஆயிரம் ரூபாய்

காமிக்ஸைப் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். இது அட்டைப்படத்துக்காகவே ஹார்ட்கவர் வாங்கும் பெரிய மனுஷர்களுக்கான கையேடு.

கோவைக்காரருக்கு இதில் வசதி அதிகம். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா. காலையில் ரயிலேறினால் வெயில் ஏறும் முன் போய்ச் சேரலாம். சிவகாசி லயன்-முத்து காமிக்ஸின் வாசகர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுவது வழக்கம். ஸ்டாலில் புத்தகத்தை எடுத்ததும் திறந்துவிடாதீர்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்து மேடாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவுங்கள். பிறகு பொதுவாக யாரையும் பார்க்காமல், "நகாசு வேலை நல்லா வந்திருக்குதுங்க" என்று சொல்லுங்கள். சுற்றி நிற்பவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். "கதை எப்படிங்க?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. குட்டு உடைந்துவிடும்.

விலையைக் கண்டு மலைக்க வேண்டாம். 2015இல் காமிக்ஸ் நாயகன் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' மொத்தத் தொகுப்பு 1000 ரூபாய்க்கு வந்தது. வாடகை நூல் நிலையத்தில் சில்லறை கொடுத்துப் படித்து வளர்ந்தவர்களே அதற்கும் முன்பதிவு செய்தார்கள்.

கொஞ்சம் விஷயமும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுக்கு உதவும். இன்னொரு காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். அங்கே முதல் 400 இதழ்களுக்கு அட்டை வரைந்தவர் கல்லெப்பினி. 401இலிருந்து கிளாடியோ வில்லா. தமிழில் பல அட்டைகளுக்குச் சிவகாசி ஓவியர் மாலையப்பன் தூரிகை பிடித்தார். வில்லாவின் கோடு நுட்பமானது, சந்தேகமில்லை. ஆனாலும் என் ஓட்டு சிவகாசிக்குத்தான். காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் பட்டாசு டப்பாவும் அச்சடிக்கும் ஊர் அது. அந்த ஊர் அட்டை பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும்போது, பஸ் ஜன்னலில் இருக்கும் பையனைக் கீழே இறக்க வேண்டும் என்றே தீட்டிய சிவப்பும் மஞ்சளும். அப்படிப்பட்ட அட்டையைத்தான் நாம் பாலிதீன் போட்டு பீரோவுக்குள் குப்புறப் படுக்க வைக்கிறோம்.

பழசு தேடுவோருக்கு ஒரு வார்த்தை. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது இரும்புக்கை மாயாவியோடு. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து கை மட்டும் தெரியும். அட்டை ஓவியருக்கு இவ்வளவு தோதான கதாநாயகன் வேறு கிடையாது. ஆனால் அந்தக் காலத்துப் பிரதியில் அட்டை ஒழுங்காகக் கிடைப்பதுதான் அபூர்வம். வாடகைக் கடைக்காரர் நாலைந்தைச் சேர்த்து பைண்ட் பண்ணும்போது அட்டையைக் கிழித்திருப்பார். கிழிக்காமல் விட்டிருந்தால் நடு அட்டையில் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தியிருப்பார். உக்கடம் பழைய புத்தகக் கடையில் அட்டையோடு ஒன்று கண்ணில் பட்டால் முகத்தில் எதையும் காட்டாதீர்கள். பக்கத்தில் கிடக்கும் பத்தாம் வகுப்பு கைடுக்கு முதலில் விலை கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்தான் உண்மையான வேலை. ராமபாணப் பூச்சிக்கு வசம்பு போதும். வீட்டம்மாவின் கேள்விக்குத்தான் மருந்து வேண்டும்.

"ஏனுங்க, போன வருசம் வந்ததையே இன்னும் பிரிக்கலைங்களே?"

"பிரிச்சா மூலை மடங்கிரும் அம்மிணி."

"அப்பறம் எப்பத்தான் படிப்பீங்க?"

இங்கே "முதலீடு" என்ற சொல்லை எடுக்கக் கூடாது. எடுத்தால் பவுன் விலையோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார். படிக்கத் தனியாக இன்னொரு காப்பி வாங்கப்போவதாகச் சொல்லலாம். சொன்ன பாவத்துக்கு வாங்கவும் வேண்டியிருக்கும்.

அந்த இரண்டாவது காப்பி வீண் போகாது. லீவுக்கு வரும் மச்சினர் பையன் பீரோவைப் பார்த்து "மாமா, படிச்சுட்டுத் தரட்டுங்களா?" என்பான். அதைத் தூக்கிக் கொடுங்கள். திண்ணையில் குப்புறப் படுத்து, முறுக்கு கடித்துக்கொண்டே ஒரே மூச்சில் முடித்துவிட்டு வந்து, யார் சுட்டது, யார் காட்டிக் கொடுத்தது என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பான். நடுவில் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ஆகஸ்டில் ஈரோட்டில் யாராவது கதையைப் பற்றிக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.