சிபாரிசு இல்லாத உத்தியோகம்

ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 101ஆம் பிரிவு ஊழியர் நியமனத்தைப் பற்றியது. திறமை, தகுதி, நேர்மை மூன்றிலும் உச்சத்தில் இருப்பவர்களைத்தான் எடுக்க வேண்டும். கூடுமானவரை உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய பிரிவோ எந்த அரசாங்கத்தின் பேச்சையும் கேட்காதே என்று ஊழியருக்குக் கட்டளையிடுகிறது. படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்.

ஒற்றிக்கொண்டபின் நிமிர்ந்து மேல்மாடியைப் பாருங்கள். உலகையே சல்லடை போட்டுச் சலித்ததில், அமைதிப்படைத் துறையை நடத்தும் திறமை 1997 முதல் பிரெஞ்சுக்காரர்களிடம் மட்டுமே தட்டுப்பட்டிருக்கிறது. மனிதாபிமான உதவியா, 2007 முதல் பிரிட்டிஷ்காரர். அதே ஆண்டிலிருந்து அரசியல் விவகாரம் அமெரிக்கருக்கு, பொருளாதார சமூகத் துறை சீனருக்கு. பாக்கி நின்ற ரஷ்யாவின் மனம் கோணக்கூடாதே என்பதுபோல 2017இல் பயங்கரவாத எதிர்ப்பு அலுவலகம் ஒன்று முளைத்தது. அதன் முதல் தலைவர் எந்த நாட்டவர் என்று கேட்டு உங்கள் அறிவை அவமதிக்க மாட்டேன். மாமனார் வீட்டுச் சீதனம்போல நாற்காலிகள் இப்படிக் கைமாறாமல் இருக்கின்றன. பொதுச்செயலாளர் பதவியைப் பற்றியாவது சாசனம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது: பாதுகாப்புச் சபை சிபாரிசு செய்யும், பொதுச்சபை நியமிக்கும். குத்தேரஸ் வரை ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள். உலகில் பாதிப்பேருக்கு அந்தத் தகுதி இன்னும் வந்து சேரவில்லை போலும்.

கீழ்மாடிக்கு வருவோம். 2015 ஆகஸ்டில் ஜெனீவா ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்னக் கூடாரம். உள்ளே 22 வயது நியூசிலாந்து இளைஞர், ஐ.நா. பயிற்சிப் பணியாளர். சம்பளம் பூஜ்யம், ஊரோ உலகின் விலை உயர்ந்த நகரங்களில் ஒன்று. செய்தி பரவியதும் பையன் ராஜினாமா செய்தார். கவனத்தை ஈர்க்கத்தான் கூடாரம் போட்டேன் என்று பின்னால் ஒப்புக்கொண்டபோது, பார்த்தீர்களா நாடகம் என்று பெருமூச்சு விட்டவர்கள் உண்டு. கூடாரம் நாடகமாகவே இருக்கட்டும். சம்பளமில்லாதது நாடகமா? ஜெனீவாவில் மாதக்கணக்கில் பிள்ளைக்குப் படியளக்க வசதியுள்ள அப்பா இருந்தால்தான் உலக வறுமையை ஒழிக்கும் பயிற்சி கிடைக்கும். ஏழை வீட்டுப் பிள்ளை வறுமையை வீட்டிலிருந்தபடியே கற்றுக்கொள்ளலாம்.

பயிற்சி முடித்தவருக்கு அடுத்த படி ஆலோசகர். ஊழியர் செய்யும் அதே வேலைதான் பல இடங்களில். ஆனால் விடுப்பு இல்லை, ஓய்வூதியம் இல்லை. 36 மாதங்களில் 24க்கு மேல் வேலை செய்யவும் கூடாது. நிரந்தரம் என்ற நினைப்பு வந்துவிடக்கூடாதே என்ற அக்கறை. அதையும் தாண்டிக் குறித்தகால ஒப்பந்தம் வாங்கிவிட்டவரிடம், இது புதுப்பிக்கப்படும் என்று சட்டப்படியோ வேறு எப்படியோ எதிர்பார்க்க வேண்டாம் என்று விதியிலேயே எழுதிக் கொடுக்கிறார்கள். எதிர்பார்ப்பையே தடைசெய்த முதலாளியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதுவரை சிரித்தாயிற்று. 2008 செப்டம்பர், இலங்கையில் போர் நெருங்கிய கிளிநொச்சி. பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்று கொழும்பு சொன்னதும் ஐ.நா. தன் சர்வதேச ஊழியர்களை வன்னியிலிருந்து வெளியேற்றியது. போகாதீர்கள் என்று சனம் அலுவலக வாசலில் நின்று கெஞ்சியது. வாகனங்கள் போய்விட்டன. உள்ளூர்த் தமிழ் ஊழியர்கள் பலரும் குடும்பங்களும் உள்ளேயே சிக்கினார்கள்; புலிகள் அவர்களை வெளியே விடவில்லை. அதே நீல இலச்சினை, வேறு வேறு ஒப்பந்தம். ஒன்றுக்கு வெள்ளை ஜீப், மற்றதற்குப் பதுங்குகுழி. ஷெல் விழுந்து செத்தவர்களின் கணக்கு கொழும்பு அலுவலகத்தில் இருந்தும் ஊரறியச் சொல்லவில்லை. அரசாங்கத்தின் முகம் சுளித்தால் விசா போகும், அனுமதி போகும். எந்த அரசின் பேச்சையும் கேட்காதே என்ற அந்தப் பிரிவு அப்போது எந்த மேசை இழுப்பறையில் கிடந்ததோ. பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பது தங்கள் பொறுப்பு என்றே மூத்த அதிகாரிகள் பலர் நினைக்கவில்லை என்று 2012இல் ஐ.நா.வின் சொந்த ஆய்வறிக்கையே, சார்லஸ் பெட்ரி தலைமையில், எழுதியது. அமைப்பு தோற்றுவிட்டது என்றார்கள். அமைப்புக்கு வேலை போகாதல்லவா!

பொறுப்பு என்று நினைத்த ஒருவருக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்த்துவிடலாம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த வாக்குமூலங்களை, ஜெனீவா மனித உரிமை அலுவலகத்தின் மூத்த அதிகாரி ஆன்டர்ஸ் கொம்பாஸ் 2014இல் பிரெஞ்சு அதிகாரிகளிடம் கொடுத்தார். அவர்கள் விசாரணை தொடங்கினார்கள். ஐ.நா.வும் சுறுசுறுப்பாக விசாரணையில் இறங்கியது, கொம்பாஸ் மீது. ரகசியத்தை வெளியிட்டாராம். 2015 ஏப்ரலில் இடைநீக்கம். அதை நிறுத்திவைக்கச் சொன்னது ஐ.நா.வின் உள் தீர்ப்பாயம்தான். கடைசியில் தவறில்லை என்று விடுவித்தார்கள். 2016இல் அவர் தாமாகவே வெளியேறினார். சிப்பாய் ஒருவர்கூடப் பிரான்சில் தண்டிக்கப்படவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஒன்பது வயதுதான். சோற்றுக்காகக் கையேந்தியவர்கள். இடைநீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்த வேகத்தில் பாதியை அந்தக் குழந்தைகளுக்குக் காட்டியிருந்தால் போதும். த்தூ.

உள்ளூர் ஊழியரின் கதை வன்னியோடு முடியவில்லை. காசாவில் பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகமை 2023 அக்டோபருக்குப் பின் 300க்கும் மேற்பட்ட ஊழியர்களை இழந்தது. ஏறக்குறைய எல்லோரும் உள்ளூர்ப் பாலஸ்தீனர்கள், பலர் வாத்தியார்கள். நியூயார்க்கில் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள்.

இப்போது கஜானா காலி. வழக்கமான பட்ஜெட்டில் 22 சதவீதம் தரவேண்டிய அமெரிக்கா பாக்கி வைக்கிறது, மற்ற சிலரோ ஆண்டுக் கடைசியில் சாவகாசமாகச் செலுத்துகிறார்கள். 2019இல் பணமுடை வந்தபோது நகரும் படிக்கட்டை நிறுத்தினார்கள், நீரூற்றை அணைத்தார்கள். இந்தமுறை நிறுத்துவது ஆட்களை. 2026 பட்ஜெட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பணியிடத்தை ஒழிக்கத் திட்டமிட்டார் பொதுச்செயலாளர். பலரை வெளியேற்ற ஆள்கூடத் தேவையில்லை. ஒப்பந்தத் தேதி முடிய விட்டால் போதும், எதிர்பார்க்க வேண்டாமென்று முன்பே எழுதிக் கொடுத்தாயிற்றே. முதலில் போகிறவர்கள் ஆலோசகர்கள். அவர்கள் பெயர் அந்த ஐந்தில் ஒரு பங்கில் வராது. ஊழியராகவே இருந்ததில்லை என்பதால் வேலை இழந்ததாகவும் கணக்கில்லை.