கட்டாரில இருந்து வந்த பேர்

மகன், கட்டாரில இருந்து சொக்லட், கோடாலித் தைலம், ரெண்டு கம்பளி, இதுகளோட பொம்புளப் புள்ளைக்கி ஒரு பேரும் வாங்கிக்கொண்டு வந்திரிக்காய் எண்டு ஊரெல்லாம் கதை. உண்ட மாமி என்னோட கோவம். ஏனெண்டா அவட்ட நான் "நல்ல பேர்தானே, வச்சிட்டுப் போகட்டும்" எண்டு சொல்லிட்டன். நீயும் என்னோட கோவம். ஏனெண்டா உன்னட்ட "இது என்னடா பேர், தொண்டையில சளி கட்டின மாதிரி" எண்டு கேட்டுட்டன். ரெண்டும் பொய்யில்ல. எண்பது வயசு தாண்டின மனிசனுக்கு ரெண்டு நாக்கு அனுமதி.

ஹுர்ரம்! துருக்கிக்காரன் 2011இல தொடங்கின சுலைமான் சுல்தான்ட நாடகம் பாத்து எடுத்த பேராம். உண்ட மச்சினன் எனக்கும் போனில போட்டுக் காட்டினான். நல்ல வடிவான பொம்புளதான், ஒத்துக்கொள்றன். ஆனா மகன், நாடகத்தை முழுசாப் பாத்தியா, இல்லாட்டி உடுப்பை மட்டும் பாத்தியா? அந்தப் புள்ளை துருக்கியே இல்ல. இப்ப உக்ரேன் எண்டு சொல்ற பக்கத்துக் கிறிஸ்தவப் புள்ளை. தாத்தாரியர் புடிச்சிக்கொண்டு போய் வித்துத்தான் அரண்மனைக்கி வந்தது. ஹுர்ரம் எண்டது அரண்மனையில வச்ச பேர். பெத்த உம்மா என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டா எண்டு உறுதியா எழுதி வைக்கக்கூட ஒருத்தரும் இல்ல. மறுகா சுல்தான் நிக்காஹ் செஞ்சதும், ஆட்சியில அவட கை ஓங்கினதும், 1558இல மவுத்தானதும் எல்லாம் எழுதிக் கிடக்கு.

இன்னொண்டும் கேளு. அது பாரசீகத்துச் சொல்லு, சந்தோசமான ஆள் எண்டு கருத்து. கருத்தில குற்றமில்ல. ஆனா தாஜ்மஹால் கட்டின ஷாஜஹான் இரிக்காரே, 1592இல பொறந்தப்ப அவருக்கு வச்ச பேரும் அதேதான், குர்ரம். கட்டாரில உன்னோட வேலை செய்ற பாகிஸ்தான்காரர்ல குர்ரம் எண்டு மீசை வச்ச ஒருத்தனாவது இரிப்பான், விசாரிச்சிப் பார். நாளைக்கி உண்ட மகள் வளந்து அங்க ஒரு கம்பனிக்கி வேலைக்கி விண்ணப்பம் போட்டா, "வாங்க பாய்" எண்டு பதில் வரும்.

சரி, முகத்தைச் சுழிக்காத. உண்ட நோவும் எனக்குத் தெரியும். கல்முனையில இருந்து பொத்துவில் மட்டும் நம்மட வழக்கம் என்ன? குடி எண்டது தாய்வழி. உண்ட மகள்ட குடி அவட உம்மாட குடி. பழைய நாளில பள்ளிக்கி மரைக்காயர் எடுக்கிறதும் இந்தக் குடி பாத்துத்தான். வீடும் பொம்புளப் புள்ளைக்கி. டெனிஸ் மெக்கில்வ்ரே எண்டொரு அமெரிக்கர் அக்கரைப்பற்றில வந்து தங்கி, தமிழர் பக்கமும் நம்மட பக்கமும் இந்தக் குடிக் கணக்கையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி 2008இல பெரிய புத்தகம் போட்டார். அவருக்கு விளங்கின விசயம் உனக்கு விளங்காமலா இரிக்கும்? நீ படுக்கிற வீடு மாமி குடுத்தது. கிணறு மாமிட. முத்தத்து மாமரமும் மாமிட. பேரையாவது நான் வைக்கணும் எண்டு நீ நினைச்சதில நியாயம் இரிக்கி. அதையும் அவட்டச் சொல்லிடாத.

இப்ப மாமிட பக்கத்துக்கு வாறன். அவக்கு "நம்மட பேர்" வேணுமாம். அவட மூத்தம்மாட பேர், மரியங்கண்டு. அவ அழுது அழுது சொன்னா, நானும் தலையாட்டினன். ஆனா மகன், நமக்குள்ள இரிக்கட்டும்: மரியம் எபிரேயத்தில இருந்து வந்தது. கண்டு மட்டக்களப்புத் தமிழ். இதில "நம்மட" எண்டு எதைப் புடிச்சிக் காட்டுற? குர்ஆனில பேர் சொல்லி வந்த ஒரே பொம்புள மரியம் அலைஹிஸ்ஸலாம். பத்தொன்பதாவது சூராவே அவங்கட பேரில. அதே மரியத்துக்குத்தான் கல்முனையில கிறிஸ்தவங்க மெழுகுதிரி கொளுத்துறாங்க. மூஸா, இப்றாஹீம், யூசுப், இதெல்லாம் அரபிக்கி வர முந்தியே ஊர் சுத்தின பேருகள். நம்மட பழைய ஆக்கள் ஆதம்பாவா, ஆதங்கண்டு, வெள்ளைத்தம்பி, சின்னலெப்பை எண்டு பேர் வச்சாங்க. அதுக்காக அவங்கட தொழுகை தட்டுப்பட்டதா நான் கேள்விப்படல்ல.

பள்ளித் திண்ணையில ஒராள் என்னட்டச் சொன்னார், வெளிப் பேர் வைக்கிறது கூடாதாம். நான் கேட்டன், எகிப்தில இருந்து வந்த மாரியா அவங்கட பேரை நபியவங்க மாத்தினாங்களா எண்டு. அவர் தாடியைத் தடவினார். நபியவங்க பேர் மாத்தினது கருத்துப் பாத்து. உமர் அவங்கட மகள் ஒருத்திக்கி "மாறு செய்றவள்" எண்ட கருத்தில ஆஸியா எண்டு பேர் இரிந்தது. அதை ஜமீலா எண்டு மாத்தினாங்க. (நம்மட ஊர் ஆசியாஉம்மாமார் பயப்படத் தேவல்ல. அவங்க பிர்அவ்ன்ட பொஞ்சாதிட பேர்காரர். அரபியில அது வேற எழுத்து.) கருத்துத்தான் விசாரிச்சாங்க, எந்த நாட்டுப் பாஸ்போட் எண்டு கேக்கல்ல.

வெளிப் பேர், உள்பேர் எண்டு சண்டை புடிக்கிறவங்களைக் கூட்டிக்கொண்டு நான் கல்முனை டவுணுக்குப் போகணும். அங்க கார்மேல் பற்றிமா கல்லூரி எண்டு பள்ளிக்கூடம் இரிக்கி, கத்தோலிக்கர் தொடங்கினது. எங்கட வீட்டில பாத்திமா, அங்க போட்டில பற்றிமா. அந்தப் பற்றிமா யார் தெரியுமா? போர்த்துக்கல்லில ஒரு ஊர். 1917 மே 13இல அந்த ஊருக்குப் பக்கத்தில ஆடு மேய்ச்ச மூண்டு புள்ளைகள் மரியன்னையைக் கண்டதாச் சொன்னாங்க. அண்டையில இருந்து உலகமெல்லாம் "பாத்திமா அன்னை". அந்த ஊருக்கு ஏன் அந்தப் பேர்? 711இல முஸ்லிம்கள் அந்தப் பக்கம் வந்து இறங்கி நூறு நூறு வருசம் இரிந்தவங்க. அந்தக் காலத்து ஒரு முஸ்லிம் பொம்புளட பேர்தான் ஊருக்கு நிண்டது எண்டு அந்த ஊராரே சொல்லிக்கொள்றாங்க.

இதில பகிடி எங்க எண்டா, அதே போர்த்துக்கேயன்தான் 1505இல இஞ்ச வந்து நம்மளை "மூர்" எண்டு கூப்பிட்டவன். நம்மட ஆக்களைக் கரையில இருந்து துரத்தினவன். 1626இல கண்டி ராசா செனரத் அப்பிடித் துரத்துப்பட்ட ஆக்களை மட்டக்களப்புப் பக்கம் குடியிருத்தினதாத்தான் நாம படிச்சிரிக்கம். நம்மளைத் துரத்தினவன் ஊரில நம்மட நபிட மகள்ட பேர்; அந்தப் பேரை வேதக்காரர் தூக்கிக்கொண்டு வந்து நம்மட ரோட்டிலயே போட்டில எழுதியும் வச்சிட்டாங்க. இனி மாமி சொல்லட்டும், எது உள், எது வெளி எண்டு.

அதுக்காக உன்னையும் விடமாட்டன். உங்கட ஆக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். பக்கத்து வீட்டில ரிஸ்னா எண்டு வச்சா நீங்க ரிப்னா. அவங்க சஜ்னா எண்டா நீங்க சிப்னா. கருத்தென்ன எண்டு கேட்டா "நெட்டில கிடக்கு மூத்தாப்பா" எண்டுவீங்க. எந்த நாட்டாருக்கும் சொந்தமில்லாத பேரை விட, உக்ரேன்காரிட பேர் எவ்வளவோ மேல்.

நான் உனக்குச் சொல்றது ஒண்டுதான். வெளியால இருந்து எடுக்கிறதெண்டா எடு, ஆனா யாருட்ட எடுத்தாய் எண்டு அந்தப் புள்ளைக்கிச் சொல்லத் தெரிஞ்சி எடு. மறுகா, முத்தத்தில நிண்டு மாமியை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லு. லெப்பை காதில ஒருக்காத்தான் பேர் சொல்லுவார். நீ விடுமுறை முடிஞ்சி கட்டாருக்குப் போயிடுவாய். ஒரு நாளைக்கி நூறு தரம் கூப்பிடப்போறது மாமி. "ஹுர்ரம்" அவட வாயில "குறும்பி"யா வந்தா, காது கேக்கிற காலம் வரைக்கும் உண்ட மகள் காதுக் குறும்பிதான்.

பதியிற கந்தோரையும் நினைச்சிக்கொள். 42 நாளுக்குள்ள போகணும். அங்க தமிழில ஒரு மாதிரி எழுதுவாங்க, அடையாள அட்டையில சிங்களத்தில இன்னொரு மாதிரி, பாஸ்போட்டில இங்கிலீசில மூண்டாவது மாதிரி. நம்மட ஊரில பாத்திமா எண்ட லேசான பேரே பாதிமாவாயும் பத்திமாவாயும் உடைஞ்சி, சத்தியக் கடதாசி முடிச்சிக்கொண்டு திரியிற புள்ளைகள் எத்தனை! "ஹுர்ரம்"ல இரிக்கிற அந்த "ர்ர"வுக்கு எத்தனை சத்தியக் கடதாசி வேணுமோ, அல்லாஹ்தான் அறிவான்.

இது ஒண்டை மட்டும் பகிடியில்லாமச் சொல்றன். 2004 டிசம்பர் 26, கடல் வந்த நாள். ரெண்டு மாசப் புள்ளை ஒண்டைக் கண்டெடுத்து கல்முனை ஆசுபத்திரிக்கிக் கொண்டுவந்தாங்க. அண்டைக்கி பதிஞ்சதில 81வது ஆள். பேர் தெரியாது, அதனால 81 எண்டே எழுதினாங்க. உலகத்துப் பத்திரிகையெல்லாம் அந்த நம்பரைத்தான் பேராப் போட்டுச்சு. தமிழ்க் குடும்பம் ஒண்டு "எங்கட புள்ளை" எண்டு நிண்டு, மரபணுச் சோதனை செஞ்சி, 2005 பெப்ரவரியிலதான் நீதிமன்றம் புள்ளையைக் கையில குடுத்தது. அந்தத் தாய் வச்ச பேர் எந்த மொழிப் பேர் எண்டு அண்டைக்கி இந்தக் கரையில ஒருத்தரும் கேக்கல்ல.

இனி வழி சொல்றன். ஹுர்ரத்துக்கு ஒரு மகள் இரிந்தா, மிஹ்ரிமா. அதுவும் பாரசீகந்தான், சூரியனும் சந்திரனும் எண்டு கருத்து. அந்த மகள்ட பேரில இஸ்தான்புலில ரெண்டு பள்ளிவாசல் இண்டைக்கும் இரிக்கி. கடைசியில "மா" எண்டு முடியிறதால மாமிக்கி பாத்தும்மா, ஆமினாம்மா மாதிரிக் கேக்கும். நாடகத்திலயும் வாறதால நீ தோத்ததாயும் ஆகாது. "உங்கட மூத்தம்மா மரியத்துட 'ம' இதில ரெண்டு தரம் இரிக்கி மாமி" எண்டு சொல்லிப் பார். அவ எழுத்துக் கூட்டிப் பாக்க முந்தி சம்மதம் வாங்கிடு.

ஏழாம் நாள் முடி இறக்கி, ஆடு அறுக்கிற அண்டைக்கி எனக்குப் பங்கனுப்ப மறந்திடாத. பொம்புளப் புள்ளைக்கி ஒரு ஆடுதான், ஊர் பெரிசு, முந்தியே எடுத்து வச்சிடு. இறைச்சி வேணாம் மகன், பல்லில்ல. ஈரல் போதும்.