இல்லாத பக்கம் மங்கலாகத் தெரியாது

பெருமதிப்புக்குரிய பதிவாளர் நாயகம் அவர்களுக்கு,

பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்து, பிறந்த ஊருக்கு அலையாமல் வேறு பிரதேச செயலகத்திலும் பிறப்புச் சான்றிதழ் எடுக்க வழிசெய்தமைக்கு மாத்தளை மாவட்டத்திலிருந்து நன்றி. எழுதிவைக்கும் வேலையில் எங்களுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், திரிபிடகம் ஏட்டில் ஏறியது இங்குள்ள அலுவிகாரையில் என்பது மரபு. அதை மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் கூடியிருந்ததால், ஒரு சொல் விழுந்தாலும் பிடிக்க ஆளிருந்தது. உங்கள் பதிவேடுகளை மனப்பாடம் செய்தவர் எவருமில்லை. ஆகவே ஸ்கேனின் தரம் பார்ப்பவர் திரையை மட்டும் பாராமல் புத்தகத்தையும் பக்கத்தில் விரித்துவைக்க வேண்டும்.

படம் பளிச்சென்று இருந்தால் போதாதா? 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினியியலாளர் ஒன்றைக் காட்டினார்: சில செராக்ஸ் இயந்திரங்கள் கோப்பைச் சுருக்கும்போது 6ஐ 8 ஆக்கிவிட்டன. கறையில்லை, மங்கலில்லை, தவறு படுதெளிவு. மலையகத் தமிழருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை தந்தது, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர், அவர் வழிவந்தவர் என்ற கணக்கில். பிறந்த ஆண்டாகப் பதிவேட்டில் உள்ள 1964 இயந்திரத்தின் சிக்கனத்தால் 1984 ஆனால், ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டக் கிழவிக்கு இருபது வயது குறையும். கூடவே குடியுரிமைக்கான ஆதாரமும் குறையும்.

அது அச்செழுத்துக்கு வரும் நோய், கையெழுத்துக்கு வராது என்பீர்கள். சரி. கையெழுத்துப் பதிவேட்டுக்கு வேறு நோய்கள். இரண்டு தாள் ஒட்டிப் புரண்டால் ஒரு பிள்ளை பிறக்கவேயில்லை. ஓரம் வெட்டுப்பட்டால் அங்கே எழுதிய பெயர்த் திருத்தம் போயிற்று. திரையை எத்தனை பெரிதாக்கினாலும் இவை அகப்படா. இல்லாத பக்கம் மங்கலாகத் தெரிவதில்லை.

இத்தனை பக்கத்தையும் யார் புரட்டுவது, காசு எங்கே என்ற கேள்வி நியாயமானது. முழுவதையும் புரட்டத் தேவையில்லை. பதிவு இலக்கங்கள் வரிசையாக ஓடுகின்றன. எது விடுபட்டது என்று பார்க்க ஓர் எழுதுவினைஞர் போதும். மற்றதற்கு ஒவ்வொரு தொகுதியிலும் சில பக்கங்களை எழுந்தமானமாக எடுத்து, ஸ்கேன் செய்யாத வேறொருவர், தமிழ்ப் பெயர்களை வாசிக்கத் தெரிந்தவர், ஒப்பிடட்டும். பிழை வரம்பைத் தாண்டினால் தொகுதியே திரும்பட்டும். மாத்தளையில் மிளகு வாங்கும் வியாபாரி மூட்டையின் மேல்பிடியை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. அடியில் கைவிட்டு அள்ளுகிறார்.

நீங்கள் செய்யாவிட்டாலும் இந்தப் பரிசோதனை நடக்கத்தான் போகிறது: கவுண்டருக்கு வெளியே, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, தன் செலவில், கையில் சத்தியக் கடதாசியோடு செய்யும். திணைக்களத்துக்கு மிச்சம்தான். அதுவரை அந்தப் புத்தகங்களை மட்டும் பழைய கடதாசிக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இங்ஙனம்,
உங்கள் ஊதியமில்லாத் தரப் பரிசோதகர்களில் ஒருவர்