"பசங்க எத்தினி பேரு?"

வாடகைக்குக் குடியிருப்பவனை ஊர் மதிக்காது என்பதற்கு எங்கள் பக்கம் கல்வெட்டே இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிவைத்த குடவோலைத் தேர்தல் விதிகள். பள்ளியில் படிக்கும்போது, பரீட்சைக்கு வரும் என்று, வேட்பாளர் வயது 35 முதல் 70 என்பதை மட்டும் உருப்போட்டோம். அதற்கு முந்தின நிபந்தனை இப்போதுதான் கண்ணில் படுகிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வாடகைக்காரன் ஜெயிப்பது தோற்பதெல்லாம் அப்புறம், அவன் ஓலை குடத்துக்குள்ளேயே போகாது.

எனக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் வாலாஜாபாத்தில் ஏற்றிக்கொள்ளும். வாலாஜாபாத் வாடகை, கம்பெனிகள் வரவர, என் சம்பளத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. "ஆத்தைத் தாண்டினா கம்மியா கிடைக்கும்" என்றார்கள். பழைய சீவரத்தில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். மூன்று ஆறு இருந்தும் வருஷத்தில் பாதி நாள் மணலைத்தான் பார்க்கலாம். 2021 நவம்பரில் மட்டும் பாலாறு தன் அகலம் எவ்வளவு என்று எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனது.

வீட்டுக்கு நாங்கள் ஒதுக்கியது நாலாயிரம். ஸ்கூல் வேன், பால், கேஸ், சீட்டுப் பணம் எல்லாம் போக மிஞ்சியதை என் மனைவி காலண்டர் தாளின் பின்புறம் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். அந்த இரண்டு கோட்டைத் தாண்ட எனக்கு அதிகாரம் கிடையாது.

எந்த ஊரிலும் வீட்டு நிலவரம் டீக்கடையில்தான் தெரியும். விசாரித்தேன்.

"பேமிலியா, பேச்சிலரா?"

"பேமிலிதாண்ணா" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. நான் கல்யாணத்துக்கு முன்னால் வீடு தேடிய காலத்தில் அந்த வார்த்தைக்குத் திறக்காத கதவு இல்லை.

"அடடா" என்றார் டீக்கடை அண்ணன்.

காலம் மாறிவிட்டது. இப்போது வடக்கிலிருந்து வேலைக்கு வரும் பையன்கள் ஒரு ரூமில் ஆறு பேர் தங்குகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாடகை. காலையில் போனால் ராத்திரிதான் வருவார்கள், தண்ணீர் செலவு கிடையாது, சுவரில் யாரும் அ, ஆ எழுத மாட்டார்கள். என் வீட்டிலும் நாலு தலை உண்டு. அதில் சம்பாதிக்கிற தலை ஒன்றுதான்.

முதலில் பார்த்தது ஷீட்டு வீடு. பத்தரை மணிக்கே உள்ளே நிற்க முடியவில்லை. "ராத்திரியில ஜில்லுனு இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். பகலில் எங்கே இருப்பது என்பது எங்கள் கவலை. வீடு லாரி ரோட்டோரம். இந்தச் சுற்று வட்டாரமெல்லாம் கல் குவாரி, கிரஷர். ஜன்னல் கட்டையில் விரலை வைத்தேன். மாவு மாதிரி வெள்ளைப் புழுதி, விரல் ரேகை அப்படியே பதிந்தது. சுவரில் மாட்டியிருந்த லட்சுமி படத்தில் யானைகளுக்கு மட்டும்தான் அந்த நிறம் பொருந்தியது. வெளியே ஒரு டிப்பர் போனது. பாத்திர அலமாரி ஒருமுறை தாளம் போட்டு நின்றது.

எனக்கு ஆற்றாமையாக இருந்தது. எங்கள் பக்கத்து மலை, ஜல்லியும் எம்-சாண்டுமாகப் பொடிந்து, தார்ப்பாய் மூடி, சென்னைக்குப் போய் அபார்ட்மெண்டாக நிற்கிறது. அந்த மலைக்குக் கிடைத்த வீட்டு யோகம் எனக்கு இல்லை.

அடுத்தது மெத்தை வீடு, மாடி போர்ஷன். படியேறும்போதே நேர்முகத் தேர்வு தொடங்கிவிட்டது.

"பசங்க எத்தினி பேரு?"

"ரெண்டும்மா."

"ஓடுவாங்களா?"

நாலு வயதுப் பையன் ஓட மாட்டான் என்று சொல்லும் அப்பனைப் பார்த்தால் டாக்டரிடம் அழைத்துப் போகத்தான் தோன்றும். "ரொம்ப அமைதிம்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், தலைக்கு மேலே தடதடவென்று சத்தம். சின்னவன் எங்களுக்கு முன்பே மாடிக்குப் போய் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா கூரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எத்தனை மாதப் பழக்கமானாலும் வராத தெளிவு அந்தப் பார்வையில் இருந்தது.

இருந்தாலும் நிபந்தனைகளைச் சொன்னார். கரண்டுக்கு சப்-மீட்டர், யூனிட்டுக்குப் பத்து ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாகத் தருகிறதே என்றேன். "அது வீட்டுக்காரங்களுக்கு" என்றார். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-லேயே வாடகைச் சட்டம் போட்டாயிற்று. அது பாலம் தாண்டி வந்த மாதிரித் தெரியவில்லை. கடைசியாக, "நீங்க எந்தப் பக்கம்? சொந்த ஊர்ல எந்தத் தெரு?" என்ற கேள்வியும் வந்தது. எல்லா நேர்முகத்திலும் வருகிற கேள்விதான். தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் தேவைப்படாத விவரத்தை ஏன் இத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரியாதவன் போலவே நடித்து, "மெயின் ரோட்டுலயே வீடு" என்று சொல்லிக் கிளம்பினேன்.

வெயில் தாழட்டும் என்று திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உட்கார்ந்தோம். இங்கும் ஒரு கல்வெட்டு. வீரராசேந்திர சோழன் காலத்தது, ஆண்டு 1060-களில் வரும். இந்தக் கோயிலில் வேதமும் இலக்கணமும் படித்த மாணவர்களுக்கு விடுதி, சாப்பாடு, படுக்கப் பாய், தலைக்கு எண்ணெய், ராத்திரி விளக்கு. பக்கத்திலேயே 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலை, அதில் 15 படுக்கை, மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள். யாருக்கு எவ்வளவு நெல் என்பது வரை கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். நான் இதையெல்லாம் உணர்ச்சியோடு விளக்கினேன்.

"அட்வான்ஸ் எவ்ளோன்னு போட்டிருக்கா?" என்றாள் மனைவி.

பெரியவள், "அப்பா, நாம இங்கயே இருக்கலாமா? இங்க ஓடலாம்" என்றாள். நியாயமான யோசனை. பொங்கலையொட்டிப் பார்வேட்டைக்குக் காஞ்சிபுரத்து வரதரே இந்தப் பக்கம் வந்து போகிறார். அவரிடம் யாரும் எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்பதில்லை, பல்லக்குத் தூக்குபவர்கள், கூட வருபவர்கள் என்று ஊரே திரண்டு வந்தாலும்.

அரசாங்க வீட்டுக்கும் விசாரிக்காமல் இல்லை. 'கலைஞரின் கனவு இல்லம்' 2024-ல் தொடங்கியது. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். குடிசையில் இருப்பவர்களுக்கு. விவரம் தெரிந்த ஒருவர் கேட்டார்: "குடிசையில இருக்கீங்களா?" இல்லை, வாடகை வீடு. "சொந்த மனை, பட்டா?" இல்லை. "அப்ப மொதல்ல ஒரு மனை வாங்கி, அதுல குடிசை போட்டு உட்காருங்க." கேலியாகச் சொல்லவில்லை, வழிதான் சொன்னார். பராந்தகன் கேட்ட அதே மனையைத்தான் இவர்களும் கேட்கிறார்கள். நடுவில் ஆயிரத்து நூறு வருஷம் போனது, எனக்கு ஒரு சென்ட் கூடச் சேரவில்லை.

கடைசியில் டீக்கடை அண்ணனே ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார். ஒரு ரூம், தாழ்வாரம், பின்னால் முருங்கை. வாடகை நாலாயிரத்து இருநூறு. மனைவி காலண்டர் தாளைப் பிரித்துப் பார்த்து, பேனாவை வாங்கி, மூன்றாவதாக ஒரு கோடு போட்டாள். வீட்டுக்காரப் பெரியவர், பிள்ளைகள் ஓடலாம், கத்தலாம், முருங்கையில் மட்டும் ஏறக் கூடாது, கிளை ஒடியும் என்றார். ஆணி அடிக்கலாமா என்று கேட்டேன். "அடி. ஓடு விழுந்தா நீதான் எடுத்து வெக்கணும்."

"வாடகை மட்டும் அஞ்சாந்தேதிக்குள்ள வந்துடணும், தம்பி."

"சம்பளம் ஏழாந்தேதிதாங்க வரும்."

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, உங்க கம்பெனியாண்ட சொல்லி ரெண்டு நாள் முன்னால போடச் சொல்லு" என்றார்.